கல்லறைப் பதிவுகளில் எம் முன்னோர்: பிழைகளும் திருத்தங்களும்

இறந்தோரின் பெயரைக் கல்லிற் பொறித்து வைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. 2006 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள புலிமான்கோம்பை என்னும் ஊரில், தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறித்த நடுகற்கள் சில கண்டெடுக்கப்பட்டன. கிறித்துவுக்கு முற்பட்டவை என அறிஞர் கருதும் அக்கற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோட்பூசலில் மடிந்த அந்தவன் என்னும் வீரனைக் குறிக்கின்றது. அதிலுள்ளவை சில சொற்களே. ஆயினும் இறந்தவன் யார், எவ்வூர்ப் பூசலில் இறந்தான் என்பனவற்றை அவை எமக்கு அறிவிக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளின் பின்னர் அவனைப் பற்றி உலகம் அறிந்தவை அச்சொற்கள் மாத்திரமே. அவற்றுள் ஒன்று பிழைபட்டிருப்பின், அவனைப் பற்றிய அறிவு முழுவதும் பிழைபட்டுப் போயிருக்கும்.

இக்காலத்திற் கல்லின் இடத்தை இணையம் பெற்று வருகின்றது. உலகெங்கும் உள்ள இடுகாடுகளின் கல்லறைகள் புகைப்படம் எடுக்கப்பட்டு, அவற்றிலுள்ள பெயர்களும் நாள்களும் இணையத்தளங்களில் ஏற்றப்படுகின்றன. எமது பாட்டன், பூட்டன் ஆகியோரின் பெயர்களும் அவற்றுள் இடம்பெறுகின்றன. பெயர் மாறியும், தந்தை மகனாகியும், பிறந்த ஊர் பிறிதோர் ஊராகியும் அவை காணப்படும்போது அவற்றைத் திருத்துவது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிவுகள் உருவாகும் முறை

கல்லறைப் பதிவுத் தளங்களுள் மிகப் பரவலாக அறியப்பட்டது ஃபைண்ட் எ கிரேவ் என்பதாகும். 1995 ஆம் ஆண்டில் ஜிம் டிப்டன் என்னும் அமெரிக்கர் இதனைத் தொடங்கினார். புகழ் பெற்றோரின் கல்லறைகளைத் தேடிச் சென்று காண்பதில் அவருக்கிருந்த ஆர்வமே இதற்கு வித்திட்டது. பின்னர் எல்லா மக்களின் கல்லறைகளும் இதில் இடம்பெறலாயின. 2013 ஆம் ஆண்டில் ஆன்செஸ்ட்ரி என்னும் வமிசாவளி நிறுவனம் இதனை வாங்கியது. 2011 ஆம் ஆண்டில் தொடங்கிய பில்லியன்கிரேவ்ஸ் என்னும் தளம், கைத்தொலைபேசியால் எடுக்கப்படும் படத்துடன் கல்லறை அமைந்துள்ள இடத்தின் ஆள்கூறுகளையும் சேர்த்துப் பதிவு செய்கின்றது. இவை இரண்டும் பெரும்பாலும் தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்தவை.

பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையம் இவற்றினின்றும் வேறானது. 1917 ஆம் ஆண்டில் அரச பட்டயத்தால் நிறுவப்பட்ட இவ்வாணையம், இரு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் நினைவைப் பேணி வருகின்றது. அதன் பதிவுகள் அலுவல்முறை ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டவை.

தொண்டர் ஒருவர் தம் ஊர் இடுகாட்டுக்குச் செல்கின்றார். கற்களைப் படம் எடுக்கின்றார். வீடு திரும்பிப் பெயர்களைத் தட்டச்சுச் செய்கின்றார். ஊதியம் ஏதும் பெறாது அவர் ஆற்றும் இப்பணி போற்றத்தக்கது. ஆயின் தமிழ்ப் பெயரில் எது தந்தையின் பெயர், எது இறந்தவரின் பெயர் என்பதை அவர் எவ்வாறு அறிவார்? தமிழெழுத்தில் அமைந்த கல்லாயின் அதனைப் படிக்கவே அவரால் இயலாது. பிழைகள் பல இவ்வாறே பிறக்கின்றன. ஒருவர் செய்த பிழையை வமிசாவளித் தளங்களிற் குடும்பமரம் வரைவோர் பலர் எடுத்தாள்வர். ஒரு செய்தி பத்து இடங்களிற் காணப்படுவதால் அதற்குப் பத்துச் சான்றுகள் உண்டு என்று கொள்ளலாகாது. ஒரே பிழையின் பத்துப் படிகளாகவும் அவை இருத்தல் கூடும்.

பெயரில் நேரும் பிழைகள்

மேலைநாட்டார்க்குக் குடும்பப் பெயர் உண்டு. தந்தை, மகன், பேரன் ஆகிய மூவரும் அதனைத் தாங்குவர். எமது மரபில் தந்தையின் பெயரே மகனின் பெயருக்கு முன்னெழுத்தாகின்றது. தலைமுறைதோறும் அது மாறிவிடும். இவ்வேறுபாட்டை அறியாதார் கையில் எம் முன்னோரின் தொடர்பு அறுந்துபோகின்றது.

எடுத்துக்காட்டாக, கந்தையா என்பவரின் மகன் செல்லத்துரை என்று கொள்வோம். அவருடைய கல்லறையில் ‘கே. செல்லத்துரை’ என ஆங்கில எழுத்தில் இருக்கும். தளத்தில் ‘கே.’ என்பது அவருடைய சொந்தப் பெயராகவும், ‘செல்லத்துரை’ என்பது குடும்பப் பெயராகவும் பதிவாகின்றது. அவருடைய மகன் இராசரத்தினத்தின் கல்லில் முன்னெழுத்து ‘எஸ்.’ என்றிருக்கலாம், தந்தையின் பெயரை ஆங்கிலத்தில் வேறு விதமாக எழுதிய குடும்பமாயின் ‘சி.’ என்றும் இருக்கலாம். இருவரும் தந்தையும் மகனும் என்பதற்குத் தளத்தில் எவ்வித அடையாளமும் இராது.

புலம்பெயர்ந்த பின்னர் இச்சிக்கல் மேலும் பெருகுகின்றது. குடும்பப் பெயர் கேட்கும் நாட்டில், இராசரத்தினத்தின் பிள்ளைகள் தம் பாட்டனின் பெயரான செல்லத்துரை என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டுவிடுவர். அவர்களின் பிள்ளைகளுக்கும் அதுவே குடும்பப் பெயராகும். ஐம்பது ஆண்டுகளின் பின்னர் அக்குடும்பத்துப் பிள்ளை ஒன்று தன் முன்னோரைத் தேடப் புகின், செல்லத்துரையின் தந்தையும் ஒரு செல்லத்துரையே என்று எண்ணித் தேடும். கந்தையா என்னும் பெயர் அதன் எண்ணத்தில் எழவே மாட்டாது. புலம்பெயர்ந்த தலைமுறைக்குச் சற்று மேலேயே வமிசாவளி அறுந்துவிடும். இதுவே எம்மை மிகவும் கவலை கொள்ளச் செய்வதாகும்.

பெண்களின் பெயர் இதனினும் அல்லலுக்குரியது. ‘செல்லத்துரை அன்னம்மா’ என்று கல்லில் இருப்பின், முன்னுள்ள பெயர் கணவருடையதா தந்தையுடையதா என்பது கல்லைக் கொண்டு மட்டும் தெளிவாகாது. தளங்களில் மணத்துக்கு முந்திய குடும்பப் பெயருக்கென ஓர் இடம் உண்டு. அவ்விடத்தில் தந்தையின் பெயரை இட்டு, அது தந்தையின் பெயரே என்பதைக் குறிப்புப் பகுதியில் விளக்குதல் நன்று.

பட்டங்களும் அடைமொழிகளும் பெயராகிவிடுவதுண்டு. அமரர், பண்டிதர், உடையார் என்பன சொந்தப் பெயருக்குரிய இடத்திற் பதியப்படலாம். எழுத்துப்பெயர்ப்பும் ஒரே நெறிப்பட்டதன்று. சண்முகம் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறைகள் பல. ழகர, ளகர, லகரங்களின் வேறுபாடும் அவ்வெழுத்தில் மறைந்துபோகும். ஆதலால் ஒரு முறையில் தேடிக் கிடைக்காத பெயரை மற்றைய முறைகளிலும் தேடிய பின்னரே ‘பதிவில் இல்லை’ என்று முடிவு கூறுதல் வேண்டும்.

ஊர்ப் பெயரிலும் விழிப்புத் தேவை. கொக்குவில் யாழ்ப்பாணத்திலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. எமது மரண அறிவித்தல்கள் ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் மற்றோர் ஊரை வதிவிடமாகவும் பிரித்துக் கூறும் வழக்கமுடையவை. இவ்வேறுபாட்டை உணராது பெயர்த்தெழுதின், வாழ்ந்த ஊர் பிறந்த ஊராக மாறிவிடும்.

நாள்களில் நேரும் பிழைகள்

அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவர். பிரித்தானிய வழக்கில் நாள் முன்வரும். 4, 7 என்று இரண்டு எண்கள் மட்டும் இருப்பின், அது ஏப்ரல் 7 ஆ, யூலை 4 ஆ என்ற ஐயம் எழுகின்றது. மாதத்தை எழுத்தில் எழுதுவதே இதற்கு மருந்தாகும்.

பழைய தமிழ்க் கல்லறைகளில் அறுபதாண்டு வட்டத்துப் பெயர் காணப்படலாம். பிரபவ என்று ஆண்டு இருப்பின், அது 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளுள் ஒன்றிற் சித்திரையில் தொடங்கிய ஆண்டாகலாம். அவற்றுள் எது என்பதை வேறு சான்றுகொண்டே துணிதல் வேண்டும். மேலும், தமிழாண்டு ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்குவதால், பிரபவ ஆண்டுத் தை மாதத்தில் இறந்தவர் 1927 இல் அன்றி 1928 இன் தொடக்கத்திலேயே இறந்தவராவார். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் வழங்கிய கொல்லம் ஆண்டுக்கும் இவ்வாறு கணக்கு உண்டு. ஆவணி முதல் டிசெம்பர் முடிய 824 ஐயும், சனவரி முதல் ஆடி முடிய 825 ஐயும் கூட்டக் கிறித்து ஆண்டு கிடைக்கும்.

ஒரு நாள் வேறுபாடு காணப்படும்போது உடனே பிழை என்று கொள்ளலாகாது. எமது மரபில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குவது. பின்னிரவு இரண்டு மணிக்கு இறந்தவரின் நாளை வீட்டார் முதல் நாளாகக் குறித்திருப்பர். மரணச் சான்றிதழில் மறுநாள் என்றிருக்கும். கனடாவில் இரவு நிகழும் மரணம் யாழ்ப்பாணத்தில் மறுநாட் காலையாக இருக்கும். எக்கணக்கின்படி எழுதப்பட்டது என்பதை ஆராய்ந்த பின்னரே திருத்தம் பற்றி எண்ணுதல் வேண்டும்.

போப் ஐயரின் கல்லறை தரும் பாடம்

திருக்குறளை 1886 ஆம் ஆண்டிலும் திருவாசகத்தை 1900 ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் ஐயரைத் தமிழ்ப் பாடசாலை மாணவர் யாவரும் அறிவர். தம் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ என்று பொறிக்குமாறு அவர் வேண்டினார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்றும் மேடைகளிலும் கட்டுரைகளிலும் கூறப்பட்டு வருகின்றது. அவருடைய கல்லறை ஒக்ஸ்போர்ட் நகரின் புனித செபல்கர் இடுகாட்டில் இன்றும் உள்ளது. அக்கல்லில் ‘தமிழ் மாணவன்’ என்னும் தொடர் இல்லை. அவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியின் குருவாகவும் விளங்கியமையையும், அக்கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் நாட்டினர் என்பதையும் அது கூறுகின்றது.

அன்பு மிகுதியால் ஒருவர் ‘தமிழ் மாணவன்’ என்னும் தொடரை இணையப் பதிவின் கல்வெட்டு வாசகப் பகுதியிற் சேர்ப்பாராயின், அது பொய்ப் பதிவாகிவிடும். கல்லில் உள்ளது யாதோ அதுவே அப்பகுதியில் இடம்பெறுதல் வேண்டும். தமிழ் நண்பர்கள் கடல்கடந்து நாட்டிய கல் என்னும் உண்மை, வழங்கிவரும் கதையினும் எவ்வகையிற் குறைந்தது?

போப் ஐயரின் பிறப்பிடத்தை நோக்குவோம். அவர் 1820 ஏப்ரல் 24 இல் இன்று கனடாவின் மாகாணமாக உள்ள பிரின்ஸ் எட்வேர்ட் தீவிற் பிறந்தவர். தமிழில் அச்சான குறிப்புகள் சில அவரைப் பிரான்சு நாட்டின் எட்வர்டு தீவிற் பிறந்தவர் என்று கூறுகின்றன. ‘பிரின்ஸ்’ என்பது ‘பிரான்ஸ்’ ஆகிய ஓர் எழுத்து மாற்றம், ஒரு மனிதரை வேறு நாட்டில் பிறக்கச் செய்துவிட்டது. இத்துணைப் புகழ் பெற்றவருக்கே இந்நிலையாயின், எமது பாட்டன் பாட்டியரின் நிலை யாதாகும்?

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி ஆற்றி, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கிய டொக்டர் சாமுவேல் கிறீன் மற்றோர் எடுத்துக்காட்டாவார். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அவர், 1884 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வூஸ்டர் நகரிற் காலமானார். அவருடைய நடுப்பெயரை ஆங்கிலத்தில் இறுதி எழுத்து ஒன்றுடன் எழுதுவோரும் உளர். அவ்வெழுத்து இன்றி எழுதுவோரும் உளர். அவரைப் பற்றி 1891 இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் அவ்வெழுத்து இல்லை. இத்தகைய இடங்களில் ஒன்றை அழித்து மற்றொன்றை நாட்ட முற்படாது, இரு வடிவங்களையும் குறிப்பிற் காட்டுதலே தக்கது.

எமது மற்றைய கல்வெட்டு

சைவத் தமிழருட் பெரும்பாலோர் உடலை எரியூட்டுபவர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. ஆயின் யாழ்ப்பாணத்தாரிடம் ‘கல்வெட்டு’ என்றே பெயர்பெற்ற பிறிதொன்று உண்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நடைபெறும் அந்தியேட்டிக் கிரியையின்போது வெளியிடப்படும் நினைவுமலரே அதுவாகும். இறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தார், மணவாழ்க்கை, மக்கள், மருமக்கள் ஆகியோர் அதிற் கூறப்படுவர். இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகியவற்றை உள்ளடக்கிய திதி வெண்பாவும் அதில் இடம்பெறும். கல்லிற் பொறிக்காவிடினும் அதனைக் கல்வெட்டு என்று வழங்கினர். அழியாது நிற்றல் வேண்டும் என்னும் கருத்து அப்பெயரிலேயே புலனாகின்றது.

முன்னோர் விவரங்களைத் திருத்துவோர்க்கு இதனினும் சிறந்த கருவூலம் அரிது. ஒரு கல்வெட்டைக் கொண்டு மூன்று தலைமுறை உறவினை நிறுவலாம். 2005 ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் இத்தகைய நினைவுமலர்கள் பல எவரும் பார்வையிடுமாறு வைக்கப்பட்டுள்ளன. ஆயினும் துயரின் நடுவே முப்பது நாள்களுள் தொகுக்கப்பட்டவை ஆதலால், அவற்றிலும் பிழை நேர்தல் கூடும். திதியை ஐந்தொகுத்த பஞ்சாங்கத்துடனும், ஆங்கில நாளை மரணச் சான்றிதழுடனும் ஒப்பிட்டு நோக்குதல் நன்று.

திருத்தும் முறை

திருத்தத்தில் இறங்குமுன் இரு வினாக்களைப் பிரித்துக்கொள்ளல் வேண்டும். கல்லில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பது ஒன்று. உண்மை யாது என்பது மற்றொன்று. கல்லே பிழையாகப் பொறிக்கப்பட்டிருக்கலாம். கல்வெட்டுவோன் தமிழ் அறியாதவனாயின் அது எளிதில் நேரும். அவ்வாறாயின் கல்லின் வாசகத்தை உள்ளவாறே பெயர்த்தெழுதி, பெயர், நாள் ஆகியவற்றுக்குரிய இடங்களில் சான்றுள்ள விவரத்தை இட்டு, வேறுபாட்டின் காரணத்தைக் குறிப்பில் எழுதல் வேண்டும். இவ்விதி ஒன்றைக் கடைப்பிடிப்பின் குழப்பங்களுட் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

முதலாவதாக, கல்லை நேரிலோ தெளிவான படத்திலோ காணல் வேண்டும். தேய்ந்த எழுத்துகளைக் காலையிலோ மாலையிலோ, கதிரவன் ஒளி சாய்ந்து விழும்போது படம் எடுப்பின் அவை நிழலால் தெளிவுறும். கம்பித் தூரிகையாலோ இரசாயனப் பொருள்களாலோ கல்லைத் தேய்த்தல் ஆகாது; எஞ்சியுள்ள எழுத்தும் அதனால் அழியும்.

இரண்டாவதாக, சான்றுகளைத் தேடிச் சேர்த்தல் வேண்டும். மரணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடு, பள்ளிவாசற் பதிவேடு, இடுகாட்டு அலுவலகத்தின் அடக்கப் பதிவேடு, கடவுச்சீட்டு, கல்வெட்டு, செய்தித்தாளில் வந்த மரண அறிவித்தல் ஆகியன இவற்றுள் அடங்கும். நிகழ்ச்சி நடந்த காலத்தில், அதனை நேரில் அறிந்தவர் கூறியதன்மேல் எழுதப்பட்ட ஆவணமே வலிமை மிக்கது. மரணச் சான்றிதழ் இறந்த நாளுக்கு உறுதியான சான்று. அதே தாளிலுள்ள பிறந்த நாளோ, மகனோ மருமகனோ நினைவிற் கொண்டு கூறியதாக இருக்கலாம். ஒரே ஆவணத்திலும் இவ்வேறுபாடு உண்டு.

மூன்றாவதாக, திருத்தக் கோரிக்கையை அனுப்புதல் வேண்டும். ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. திருத்தம் முன்மொழிவதற்கான வசதி பதிவிலேயே அமைந்துள்ளது. பெயர், நாள், ஊர் ஆகியவற்றையும், தந்தை, தாய், கணவன், மனைவி என்னும் உறவு இணைப்புகளையும் அதன்வழி முன்மொழியலாம். நெருங்கிய உறவினராயின் பதிவின் பொறுப்பையே தமக்கு மாற்றித் தருமாறும் வேண்டலாம். ஒருவருக்கே இரு பதிவுகள் இருப்பின் அவற்றை ஒன்றாக்குமாறும் கேட்கலாம். கோரிக்கை சுருக்கமாகவும் பண்பாகவும் அமைதல் வேண்டும். ‘இவர் என் தாயின் தந்தை. தமிழர் மரபில் முன்னெழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கும். மரணச் சான்றிதழின்படி இவருடைய பெயர் இது. தந்தையின் பெயர் இது’ என்று எழுதினாற் போதும். பொறுப்பாளர் எம் எதிரியல்லர். எவரும் செல்லாத இடுகாட்டுக்குச் சென்று எம் பாட்டனின் கல்லைப் படம் எடுத்தவர் அவரே.

நான்காவதாக, தமிழெழுத்தையும் சேர்த்தல் வேண்டும். வாழ்க்கைக் குறிப்புப் பகுதியிற் பெயரைத் தமிழிலும் எழுதி, ஆங்கிலத்தில் வழங்கும் மாற்று வடிவங்களையும் தந்தால், பிற்காலத்தில் தேடுவோர் எவ்வடிவில் தேடினும் அதனைக் கண்டடைய வாய்ப்புண்டு.

போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவைத் திருத்துவதற்கு ஆவணச் சான்று இன்றியமையாதது. குடும்ப நினைவு மட்டும் அங்கு ஏற்கப்படாது. இவ்வாணையத்தின் பதிவுகளில் விடுபட்டோரும் உளர். 2021 ஆம் ஆண்டில் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, முதலாம் உலகப் போரில் இறந்த இந்திய, ஆபிரிக்கப் படையினரும் தொழிலாளரும் ஆகிய ஏறத்தாழ 45,000 முதல் 54,000 வரையிலானோர் ஏனையோர்க்கு நிகராக நினைவுகூரப்படவில்லை என்றும், மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சுட்டி நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. இரண்டாம் உலகப் போரிற் சயாம் - பர்மா இரயிற் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த மலாயாத் தோட்டத் தமிழர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. அதே பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெயர் பதியப்படாதாருக்குத் திருத்தம் என்பதே இல்லை. பதியப்பட்ட பெயரையேனும் பிழையின்றிக் காப்பது எம் கடமையாகின்றது.

தவிர்க்க வேண்டியவை

திருத்தம் வேறு, பெருமை சேர்த்தல் வேறு. சான்றில்லாத பட்டத்தையும் பதவியையும் சேர்த்தல் தகாது. உயிருடன் இருப்போரின் பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றைப் பொதுத்தளத்தில் வெளியிடல் ஆகாது. மரணத்தின் காரணம் குடும்பத்தாரைப் புண்படுத்துவதாயின் அதனை எழுதாது விடுதலே பண்பாகும். பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு ஒருவரை மற்றொருவருடன் இணைத்துவிடலும் கூடாது. கந்தையாக்களும் அன்னம்மாக்களும் ஊருக்குப் பலர் உண்டு. ஐயம் இருப்பின் ஐயம் என்றே எழுதி வைத்தல், துணிந்து பிழை எழுதுவதினும் மேலானது.

காலம் தாழ்த்தலாகாது

கல் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணுகின்றோம். நடைமுறை அவ்வாறில்லை. சிங்கப்பூரில் பல்லினத்தாரும் அடக்கம் செய்யப்பட்டிருந்த பிடாதரி இடுகாடு 1972 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2001 ஆம் ஆண்டு முதல் அதன் கல்லறைகள் தோண்டப்பட்டு, நிலம் குடியிருப்புக்காக விடப்பட்டது. அந்நாட்டில் 1998 ஆம் ஆண்டிலிருந்து அடக்கக் காலம் பதினைந்து ஆண்டுகளாக வரையறுக்கப்பட்டுள்ளது. எமது மக்கள் பலர் வாழும் ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் கல்லறைக்குக் குறிப்பிட்ட காலமே உண்டு. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் அவ்விடம் மீண்டும் பயன்படுத்தப்படலாம். அங்ஙனம் கல் அகற்றப்பட்ட பின்னர் எஞ்சுவது இணையப் பதிவு ஒன்றே. ஒப்பிட்டுத் திருத்துவதற்குக் கல் இராது. அப்பதிவு பிழையாயின் பிழையே வரலாறாகிவிடும்.

சான்று கூறவல்ல முதியோரும் எம்மிடையே குறைந்து வருகின்றனர். ‘கே.’ என்பது கந்தையாவா, கனகசபையா, கதிர்காமரா என்று இன்று ஒரு பாட்டி ஒரு கணத்திற் கூறிவிடுவார். அவர் மறைந்த பின்னர் அவ்வோர் எழுத்தை விரிப்பதற்குப் பல ஆவணங்களைத் தேடி அலைய நேரிடும். தேடியும் கிடையாது போகலாம்.

தமிழ்ப் பாடசாலையிற் பயிலும் எமது பிள்ளைகளிடம் இப்பணிக்கு வேண்டிய தகுதிகள் இரண்டும் ஒருங்கே உள்ளன. அவர்கள் கணினியில் வல்லவர். தமிழெழுத்தைப் படிக்கவும் அறிந்தவர். அயலவரான தொண்டர் எத்துணை அன்புடையவராயினும் திதி வெண்பாவைப் படித்தல் அவருக்கு இயலாது. வார இறுதியில் அ, ஆ எழுதக் கற்ற பிள்ளைக்கு அது இயலும். இவ்விடுமுறைக் காலத்திற் பெற்றோர் ஒரு தாளை எடுத்து, பாட்டன், பாட்டி, பூட்டன், பூட்டி ஆகியோரின் முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிறந்த நாள், இறந்த நாள், அடக்கம் செய்யப்பட்ட அல்லது எரியூட்டப்பட்ட இடம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவிப்பாராக. ஒவ்வொரு விவரத்தையும் கூறியவர் யார் என்பதையும் அருகே குறித்துக்கொள்க. வீட்டிலுள்ள கல்வெட்டுகளையும் பழைய சான்றிதழ்களையும் படமெடுத்துப் பாதுகாத்திடுக. அதன் பின்னர் இணையத்திலுள்ள பதிவை எடுத்து, அத்தாளுடன் ஒப்பிட்டு நோக்குக. கந்தையாவின் பெயர் அங்கே விடுபட்டிருப்பின், அதனைச் சேர்க்கும் உரிமையும் அறிவும் உடையவர்கள் நாமே.